புது கார்டுக்கு விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு இறங்கும்?

கிரெடிட் கார்டு பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: "புதுசா ஒரு கார்டுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன், ஸ்கோர் இறங்கிடுமா?" இறங்கும். கொஞ்சம் இறங்கும், சில மாதங்களில் திரும்ப ஏறிவிடும். ஒழுங்காகக் கட்டிவரும் ஒருவருக்கு ஒரே ஒரு விண்ணப்பத்தால் நடப்பது அவ்வளவுதான். ஆனால் இதோடு பேச்சை முடிக்க எனக்கு மனசு வருவதில்லை, ஏனென்றால் கேட்பவர்களில் பலர் இந்தச் சில புள்ளிகளுக்காக ராத்திரி தூங்காமல் கவலைப்பட்டுவிட்டு, உண்மையிலேயே ஸ்கோரைக் கெடுக்கிற காரியத்தைக் கொஞ்சமும் யோசிக்காமல் செய்கிறார்கள். ஒரு வங்கி மறுத்ததும் அன்றைக்கே அடுத்த வங்கி, அங்கேயும் மறுத்தால் இன்னொன்று என்று வரிசையாக விண்ணப்பம் போடுவதைச் சொல்கிறேன். இந்தப் பதிவே முக்கியமாக அதற்காகத்தான்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும், அல்லது ஆப்பில் கடைசி பட்டனை அழுத்தியதும், வங்கி உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு கிரெடிட் பீரோவிடம், அதாவது எல்லோருடைய கடன் வரலாற்றையும் பதிந்து வைத்திருக்கும் நிறுவனத்திடம், போகும். பீரோ அதைக் கொடுத்துவிட்டு, இன்ன தேதியில் இன்ன வங்கி கிரெடிட் கார்டுக்காக இவருடைய விவரத்தைக் கேட்டது என்று உங்கள் கணக்கில் ஒரு வரி பதிந்து வைக்கும். ஹார்டு என்கொயரி என்பது இந்த ஒரு வரிதான். கார்டு கிடைத்ததா, மறுத்துவிட்டார்களா என்பது அதில் இருக்காது. ரிஜெக்ட் ஆனால் ஸ்கோர் விழும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அப்படி மறுப்புக்கென்று தனியாகப் புள்ளி எதுவும் கழிவதில்லை. கேட்டதற்குத்தான் கழிகிறது, அது கார்டு கிடைத்தவருக்கும் கழியும். ஆனால் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும் அடுத்த வங்கி அதிகாரி அனுபவசாலி. மூன்று மாதத்தில் நான்கு வங்கிகள் கேட்டிருக்கின்றன, புதுக் கணக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக சாஃப்ட் என்கொயரி என்று ஒன்று உண்டு. உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பது, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி அவ்வப்போது உங்களைச் சரிபார்ப்பது, 'உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு கார்டு காத்திருக்கிறது' என்று செய்தி அனுப்புவதற்கு முன் வங்கி செய்யும் வடிகட்டல், எல்லாம் இந்த வகை. ஸ்கோரில் இதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை, மற்ற வங்கிகளின் கண்ணில் படுவதும் இல்லை. சொந்த ஸ்கோரைப் பார்த்தாலே குறைந்துவிடும் என்று பயந்து வருஷக்கணக்காகப் பார்க்காமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பாருங்கள். தினமும் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ப்ரீ-அப்ரூவ்டு செய்தியைத் தட்டி உள்ளே போய் விண்ணப்பத்தை முடித்தால் பெரும்பாலும் அங்கே ஒரு ஹார்டு என்கொயரி விழும், அதை மறக்கக் கூடாது. ப்ரீ-அப்ரூவ்டு என்ற சொல்லே கார்டு உறுதி என்பது போலத் தோன்றும், கடைசிக் கட்டத்தில் மறுத்த கதைகளும் உண்டு.

சரி, ஒரு வங்கி கேட்டதற்கு எதற்காகப் புள்ளி குறைய வேண்டும்? இது நியாயமான கோபம்தான், நான் தவறாக எதுவும் செய்யவில்லையே என்று. இதைப் புரிந்துகொள்ள ஃபைக்கோவைப் பார்ப்பது நல்லது, ஸ்கோர் போடும் கணக்கு முறையை உருவாக்கி, அதைப் பற்றி ஓரளவு வெளிப்படையாகப் பேசும் நிறுவனம் அது. பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் 1956-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று நாம் அறிந்த பொதுவான ஃபைக்கோ ஸ்கோர் 1989-ல் வந்தது, 300-ல் தொடங்கி 850 வரை. அதில் பில்லை நேரத்துக்குக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30, கடன் வரலாற்றின் வயதுக்கு 15, கடன் வகைகளின் கலவைக்கு 10, புதிதாகக் கடன் தேடுவதற்கு 10. என்கொயரி இந்தக் கடைசி பத்துக்குள் வருகிறது, அதிலும் ஒரு பகுதிதான். ஒரு என்கொயரியால் பெரும்பாலானவர்களுக்கு 5 புள்ளிக்கும் குறைவாகவே இறங்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ரிப்போர்ட்டில் அந்த வரி இரண்டு வருடம் இருக்கும், ஸ்கோர் கணக்கிடும்போது கடைசி 12 மாதத்து என்கொயரிகளை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அதே நிறுவனம் சொல்லும் இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரிப்போர்ட்டில் ஆறு அல்லது அதற்கு மேல் என்கொயரி உள்ளவர்கள், ஒன்றுகூட இல்லாதவர்களைவிட திவாலாகும் வாய்ப்பு எட்டு மடங்கு வரை அதிகம் என்பது அது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆறு விண்ணப்பம் போட்டதால் ஒருவர் திவாலாவதில்லை. கையில் காசு தீர்ந்து, யாராவது கொடுக்க மாட்டார்களா என்று கதவு கதவாகத் தட்டுபவர்கள்தான் குறுகிய காலத்தில் ஆறு விண்ணப்பம் போடுகிறார்கள், அதில் பலர் பிறகு கட்ட முடியாமல் போகிறார்கள். ஸ்கோர் போடும் கணினிக்கு உங்கள் மனநிலை தெரியாது. விமான நிலைய லவுஞ்சுக்காக ஆறு கார்டு கேட்பவரும், வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல் ஆறு கார்டு கேட்பவரும் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் வரிசையாக விண்ணப்பிப்பது வெறும் '5 பெருக்கல் 6' கணக்கு இல்லை, அந்த வரிசையே ஒரு தனிச் செய்தியாகப் படிக்கப்படுகிறது.

வீட்டுக் கடனுக்கு நான்கு வங்கியில் விசாரித்தேன், அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு கணக்கு. வீட்டுக் கடன், கார் கடன், கல்விக் கடன் மூன்றுக்கும் ஃபைக்கோவில் ஒரு சலுகை உண்டு: புதிய பதிப்புகளில் 45 நாளுக்குள், பழைய பதிப்புகளில் 14 நாளுக்குள் ஒரே வகைக் கடனுக்காக எத்தனை என்கொயரி வந்தாலும் அதை ஒன்றாகவே எண்ணிக்கொள்வார்கள். வட்டி எங்கே குறைவு என்று அலைவது புத்திசாலித்தனம், அதற்குத் தண்டனை கூடாது என்பது காரணம். ஐந்து வங்கியில் கேட்டாலும் வாங்கப்போவது ஒரு வீட்டுக் கடன்தானே. கார்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஐந்து வங்கியில் கேட்டால் ஐந்து கார்டும் கைக்கு வந்து ஐந்து கடனாக மாற முடியும். ஒரே வாரத்தில் போட்டால் ஒன்றாக எண்ணுவார்கள் என்று நம்பி ஒரே மூச்சில் விண்ணப்பிக்கும் பழக்கம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கார்டு விஷயத்தில் அது தவறான நம்பிக்கை.

இதெல்லாம் ஃபைக்கோ கணக்கு. மற்ற நாடுகளில் எண்களும் பெயர்களும் மாறும். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு பீரோக்கள், சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. சிங்கப்பூரின் கிரெடிட் பீரோ 1000 முதல் 2000 வரை போடுகிறது. ஆனால் கடைசியாக எப்போது, எத்தனை இடத்தில் கேட்டார் என்பதை எல்லோருமே பார்க்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு நாட்டில் சம்பாதித்த ஸ்கோர் பொதுவாக இன்னொரு நாட்டுக்கு உங்களோடு விமானம் ஏறாது. வேலைக்காக வெளிநாடு போனவர், ஊரில் பத்து வருடம் ஒரு பில்கூடத் தவறவிடாதவராக இருந்தாலும், புது நாட்டு பீரோவுக்கு முன்பின் தெரியாத ஆள். போய்ச் சேர்ந்த மாதமே மூன்று கார்டுக்கு விண்ணப்பித்து மூன்றும் மறுக்கப்பட்டு மனம் உடைபவர்களில் இவர்கள் அதிகம். தப்பு அவர்கள் பேரில் இல்லை, ரிப்போர்ட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுதான் காரணம்.

வரலாறு குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு என்கொயரியின் அடி கொஞ்சம் பெரிதாகவே விழும். இருபது வருட வரலாறும் ஏழெட்டுக் கணக்கும் உள்ளவர் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி கரைந்துபோய்விடும். ஆறு மாதத்துக்கு முன் முதல் வேலையில் சேர்ந்து ஒரே ஒரு கார்டு வைத்திருப்பவர் ரிப்போர்ட்டில் இருப்பதே நாலு வரிதான், அதில் மூன்று என்கொயரி என்றால் எப்படித் தெரியும் என்று பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் ஆசைப்பட்ட பெரிய கார்டை நோக்கி ஓடாமல், சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே ஒரு சாதாரண கார்டு கேட்பது நல்லது. அதுவும் சிரமம் என்றால் ஒரு டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் செக்யூர்டு கார்டு இருக்கிறது. அதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நினைக்கவே வேண்டாம். கார்டு செக்யூர்டா இல்லையா என்பதைவிட, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினார் என்று பீரோவில் பதிவதுதான் உங்களுக்கு வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தக் கார்டு விவரம் பீரோவுக்குப் போகுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஸ்கோரில் இரண்டு விஷயங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். முதலாவது வயது. உங்களிடம் 10 வருடக் கார்டு ஒன்று, 6 வருடக் கார்டு ஒன்று இருந்தால் சராசரி வயது 8. புதுக் கார்டு சேர்ந்த நாளில் அது ஐந்தே கால் வருடத்துக்குப் பக்கமாக இறங்கிவிடும். இது ஸ்கோரைக் கொஞ்சம் கீழே இழுக்கும், காலம்தான் சரிசெய்யும், வேறு வழியில்லை.

இரண்டாவது, பலர் கவனிக்காமல் விடுவது, மொத்த லிமிட். இருக்கும் ஒரே கார்டின் லிமிட் ஒரு லட்சம், மாத பில் நாற்பதாயிரம் என்றால் லிமிட்டில் 40 சதவீதத்தைப் பயன்படுத்துகிறீர்கள். இன்னொரு லட்சம் லிமிட்டோடு புதுக் கார்டு வந்து, செலவு அதே நாற்பதாயிரமாகவே இருந்தால் அது 20 சதவீதம் ஆகிறது. மேலே சொன்ன 30 சதவீத எடையில் இந்த யூட்டிலைசேஷனுக்குப் பெரிய பங்கு. அதனால் என்கொயரியில் போன புள்ளி இதில் திரும்ப வந்து, சிலருக்குப் பழைய ஸ்கோரைத் தாண்டியும் போகும். இந்த 40, 20 எல்லாம் பெரும்பாலும் பில் தேதியில் இருக்கும் நிலுவையை வைத்துப் போடுவது, பில் வந்த பிறகு முழுசாகக் கட்டிவிடுபவருக்கும் சேர்த்துத்தான். ஸ்கோர் முக்கியமாகத் தேவைப்படும் மாதத்தில் பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவது அதனால்தான் பலன் தருகிறது.

ஆனால் ஒன்று. புது லிமிட்டைக் கையில் வைத்துக்கொண்டு செலவை ஏற்றாமல் இருக்க முடியுமா என்று தன்னைத்தானே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழாகிவிடும், அப்போது ஒரு என்கொயரியைப் பற்றிப் பேசுவதிலேயே அர்த்தம் இல்லை. ஒரே ஒரு பில்லை முப்பது நாள் தாண்டித் தாமதமாகக் கட்டினால் ஸ்கோருக்கு விழும் அடி, பல விண்ணப்பங்கள் சேர்ந்து தரும் அடியைவிடப் பெரிது, வருஷக்கணக்கில் ரிப்போர்ட்டிலும் நிற்கும்.

இப்போது மறுப்புக்கு வருகிறேன். கார்டு மறுக்கப்பட்டால் அவமானமாக இருக்கும், அது இயல்பு. அந்த வேகத்தில் அடுத்த விண்ணப்பத்தைப் போடாதீர்கள், ஏன் மறுத்தார்கள் என்று கேளுங்கள். இது உங்கள் உரிமை. இந்திய ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகளின்படி, மறுத்ததற்கான குறிப்பான காரணத்தை வங்கி எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவிலும் சட்டப்படி காரணம் சொல்லியாக வேண்டும், பீரோ ரிப்போர்ட்டை வைத்து மறுத்திருந்தால் 60 நாளுக்குள் அந்த ரிப்போர்ட்டை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். காரணம் தெரிந்தால்தான் அடுத்த அடியை எடுத்து வைக்க முடியும். முகவரி ஒத்துப்போகாததாக இருக்கலாம், அந்த வங்கி வைத்திருக்கும் சம்பள வரம்புக்குக் கீழே நீங்கள் இருக்கலாம், இருக்கும் இஎம்ஐ ஏற்கெனவே சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருக்கலாம், சமீபத்தில் நிறைய இடங்களில் கேட்டிருக்கிறீர்கள் என்பதே காரணமாகவும் இருக்கலாம். சம்பளம் குறைவு என்று ஒரு வங்கி மறுத்தால் அதே தரத்து கார்டை இன்னொரு வங்கியில் கேட்பதில் பயனில்லை. அப்புறம், எப்போதோ அடைத்துவிட்ட கடன் இன்னும் பாக்கி என்று ரிப்போர்ட்டில் நிற்பதும் அபூர்வம் இல்லை. அதைத் திருத்தாமல் பத்து வங்கிக்குப் போனாலும் பத்திலும் அதே பதில்தான் வரும், கூடவே பத்து என்கொயரியும் சேரும்.

அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே ரிப்போர்ட்டை எடுத்துப் படித்துவிடுவது எவ்வளவோ மேல். ஸ்கோரை மட்டும் பார்த்தால் போதாது, முழு ரிப்போர்ட்டையும் படிக்க வேண்டும். இந்தியாவில் நான்கு பீரோக்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அமெரிக்காவில் மூன்று பீரோக்களிடமும் வாராவாரம்கூட இலவசமாகப் பார்க்கலாம். என்கொயரி பகுதிக்கு நேராகப் போய் ஒவ்வொரு பெயரும் உங்களுக்குத் தெரிந்ததுதானா என்று பாருங்கள். தெரியாத வங்கி ஒன்று இருந்தால் உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் கேட்டிருக்கலாம், உடனே பீரோவிடமும் அந்த வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். இந்தியாவில் 2023 அக்டோபர் உத்தரவுக்குப் பிறகு, புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்பதும் அதே சமயத்தில் வந்த விதிதான், அந்தச் செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

தெரியாத பெயர் எல்லாமே மோசடி என்றும் சொல்ல முடியாது. 'எந்தக் கார்டு உங்களுக்குக் கிடைக்கும் என்று பார்க்கிறோம்' என்று சொல்லும் இணையதளங்களும் ஏஜெண்டுகளும் நிறைய. அதில் சில இடங்களில் நீங்கள் டிக் போடும் ஒப்புதலின் அடியில், பல வங்கிகளுக்கு உங்கள் விவரத்தை அனுப்பலாம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஒரே படிவத்தை நிரப்பிவிட்டு, தான் ஒரு இடத்தில்தான் கேட்டதாக நம்பியவர் ரிப்போர்ட்டில் நான்கு வங்கிப் பெயரைப் பார்த்துத் திகைப்பது இப்படித்தான். எனக்கு இதில் ஏஜெண்டுகள் மேல் உண்மையிலேயே கோபம் உண்டு. அவர்களுக்கு எந்த வங்கியில் கார்டு ஓகே ஆனாலும் கமிஷன் வரும், என்கொயரியின் விலையைக் கொடுப்பது நீங்கள். இது ஹார்டா சாஃப்டா, எந்தெந்த வங்கிக்குப் போகும் என்று நேராகக் கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் படிவத்தை மூடிவிடுங்கள்.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. என் அபிப்பிராயம், இரண்டு கார்டு விண்ணப்பங்களுக்கு நடுவே ஆறு மாதமாவது இருக்கட்டும். வீட்டுக் கடன் வாங்கும் திட்டம் இருந்தால் அதற்கு முந்தைய ஆறு மாதமும் கார்டு பக்கமே போக வேண்டாம், கடன் கைக்கு வரும் வரை. கார்டில் 5 புள்ளி இறங்கினால் யாரும் கவலைப்பட வேண்டாம், ஆனால் ஸ்கோரைப் பொறுத்து வட்டியை அடுக்கடுக்காகப் பிரித்திருக்கும் இடத்தில் உங்கள் ஸ்கோர் ஒரு அடுக்கின் விளிம்பில் நிற்கும்போது அதே 5 புள்ளி இருபது வருட வட்டியை மாற்றிவிடலாம். தவிர, சமீபத்திய என்கொயரிகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்று வீட்டுக் கடன் தருபவர்கள் கேட்பதும் உண்டு.

கார்டுதான் வேண்டும் என்றில்லை, கூடுதல் லிமிட் போதும் என்றால் இருக்கும் வங்கியிடமே கேட்கலாம். சில வங்கிகள் அதற்கும் ஹார்டு என்கொயரி போடும், கேட்டுவிட்டு முன்னேறுங்கள். வங்கி தானாகவே லிமிட்டைக் கூட்டித்தர முன்வந்தால் அதில் அந்தப் பிரச்சினை இல்லை. குடும்பத்தில் ஒருவருக்குக் கார்டு தேவை என்றால் உங்கள் கார்டு கணக்கிலேயே அவருக்கும் ஒரு கார்டு தரும் ஆட்-ஆன் கார்டு எடுப்பதிலும் பெரும்பாலும் புது என்கொயரி வராது.

ஏற்கெனவே ஐந்தாறு இடத்தில் போட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நிறுத்துங்கள், இருக்கும் பில்களை நேரத்துக்குக் கட்டுங்கள், நிலுவையைக் குறையுங்கள். மாதங்கள் போகப் போக அந்த வரிகளின் பலம் தானாகக் குறையும். பயத்தில் புதுக் கார்டை உடனே மூடுவதால் என்கொயரி அழியாது, லிமிட்தான் போகும். காசு கொடுத்தால் என்கொயரியை அழித்துத் தருகிறோம், ஸ்கோரை ஒரே வாரத்தில் ஏற்றித் தருகிறோம் என்று வருபவர்களை நம்ப வேண்டாம். நீங்களே போட்ட உண்மையான விண்ணப்பத்தின் பதிவை அழிக்க அவர்களுக்கு எந்த வழியும் கிடையாது, தவறான பதிவு என்றால் அதைத் திருத்த நீங்களே பீரோவின் தளத்தில் காசில்லாமல் புகார் கொடுத்துவிடலாம். அவர்கள் கேட்கும் பிறந்த தேதி, அடையாள எண், ஓடிபி மூன்றையும் கொடுத்துவிட்டால் உங்கள் பெயரிலேயே இன்னொரு விண்ணப்பம் போட அவர்களுக்கு அது போதும்.